கோட்டுக்காரிக்கு நாலு நிமிஷம்

செடர் ஃபோர்க் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் மார்லா டைக்ஸ்ட்ராவுக்குப் பதினான்கு வருஷமாக ஒரு நிரந்தர வேலை இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் வெர்னா கோல்ஸ்டாட் ஆட்டத்தின் நடுவே கொதித்தெழுந்து களத்துக்குள் பாயப் போகும்போது, பின்னாலிருந்து அவருடைய சிவப்புக் கோட்டை இறுகப் பிடித்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேறு வேலைகள் இல்லாமல் இல்லை. எதிரணிகளின் ஆட்டங்களை வீடியோவில் போட்டுப் போட்டுப் பார்த்து அவர்களுடைய சூட்சுமத்தைக் கண்டுபிடிப்பவள் அவள். அணியின் வேனை ஓட்டுபவள் அவள். சீருடைகளைத் துவைத்துக் காயப்போட்டதும் ஒரு காலத்தில் அவள்தான். அயோவா மாநிலத்தின் பண்ணை வீட்டுச் சமையலறைகள் முக்கால்வாசி அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கொடுத்த கேக்கைச் சாப்பிட்டு, "உங்க பொண்ணை எங்க கல்லூரிக்கு அனுப்புங்க" என்று பேசியிருக்கிறாள். ஆட்டத் திட்டங்களில் பாதிக்கு மேல் அவள் போட்டவை. முதன்மை உதவிப் பயிற்சியாளர் என்று கதவில் பலகைகூட மாட்டியிருந்தார்கள். ஆனால் ஊர் என்னவோ அவளைக் கோட்டுக்காரி என்றுதான் சொன்னது.

அந்தப் பெயர் வந்த கதை சுருக்கமானது. மார்லா அந்தக் கல்லூரிக்கே ஆடியவள். பந்தை நடத்திக்கொண்டு போவதில் கெட்டிக்காரி. மூன்றாம் வருஷம் ஒரு பிப்ரவரி ஆட்டத்தில் முட்டி வலிக்கிறது என்று வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, "சரியாப் போச்சு கோச், நான் போறேன்" என்றாள். வெர்னா, "போ" என்றார். போனாள். முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் மேல்வரிசை வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். அது சுத்தப் புளுகு. வெர்னாவுக்குக் கேட்டது, அது மட்டும் நிஜம்.

அதற்கடுத்த பருவத்தில் காலில் இரும்புக் கட்டோடு பெஞ்சில் வெர்னாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நடுவர் ஒருவர் எதையோ கவனிக்காமல் விட, வெர்னா எல்லையைத் தாண்டப் பாய்ந்தார். மார்லா எழுந்திருக்க முடியாதவள். கைக்கு எட்டியது கோட்டு, பிடித்தாள். வெர்னா நின்றார். வாய்க்குப் போன விசிலை நடுவர் திரும்ப எடுத்துவிட்டார். அந்த ஓர் இழுப்பில் அவளுடைய தொழில் தீர்மானமாகிவிட்டது. கல்லூரி முடிந்ததும் வெர்னா அவளை வெளியே விடவே இல்லை.

பிறகு வெர்னா எழுந்தாலே கூட்டம், "புடி மார்லா! விடாதே!" என்று கூப்பாடு போடும். பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் அன்று ஒரு வருஷம் அவள் வீட்டு வாசலில் இரண்டு வாண்டுகள் வந்து நின்றன. முன்னால் நின்றதற்குச் சிவப்புக் கோட்டு. பின்னால் நின்றது அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மார்லா சிரித்துக்கொண்டே கை நிறைய மிட்டாய் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் கதவிலேயே சாய்ந்து நின்றாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது முடிந்திருந்தது. ஒரு அணி வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிறத்தியார் கோட்டுக்குப் பின்னால் நின்றது போதும். தன் வாயால் சொல்லித் தன் கண்ணெதிரே ஆடும் ஒரு அணி.

மூன்று கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டாள். மூன்றும் மரியாதையாகப் பேசின, மூன்றும் ஒரே கேள்வியில் வந்து நின்றன. ஒரு ஆட்டத்தை, வேண்டாம், ஒரே ஒரு நிமிஷத்தையாவது தனியாக நடத்தியிருக்கிறீர்களா? இல்லை. வெர்னா முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை. காய்ச்சல் வந்தால் கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டு போட்டுக்கொண்டு வருவார்.

நாலாவது, ப்ளம் ரிவர் கல்லூரி. தொண்ணூறு மைல் தள்ளி. அங்கே விளையாட்டுத் துறைக்குத் தலைவர் ஆர்வில் பீச்சம் என்ற பெரியவர். அவர் தொலைபேசியில் வளவளக்கவில்லை. சனிக்கிழமை மதியம் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். அது பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். கடைசி வருஷப் பெண்களுக்குப் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பும் நாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பீச்சம் தொப்பியை உதறிக்கொண்டு வந்தார், ஒரு கையில் தட்டு அகலத்துக்குப் பன்றிக்கறி சாண்ட்விச். அரங்கத்துக்கு வெளியே நடையில் மார்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"மார்லா, ஒளிக்காம சொல்றேன். உங்களைப் பத்தி விசாரிச்சேன். கெட்டதுன்னு ஒருத்தர் வாயில ஒரு வார்த்தை வரல. ஆனா எங்கே கேட்டாலும் கோட்டு, கோட்டுன்னுதான் சொல்றாங்க. அதை வெச்சு நான் என்னம்மா முடிவு பண்றது?"

"இன்னிக்கு ஆடப்போற திட்டம் நான் போட்டது சார்."

"அது நெத்தியில எழுதி ஒட்டியிருக்காதே. நான் பார்க்கப்போறது வெர்னாவைத்தானே?" என்று சொல்லிவிட்டு சாண்ட்விச்சைக் கடித்தார். நல்ல மனிதர்தான். அதனால்தான் அது இன்னும் வலித்தது.

நடையின் திருப்பத்தில் காபி இயந்திரம் இருந்தது. அதன் முன்னால் வெர்னா நின்றிருந்தார். காபி நிரம்பி விரலில் வழிந்துகொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

ஆட்டத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அறைக்கு வந்த வெர்னா, மேஜையில் இருந்த காகிதங்களைப் பார்த்தபடியே சொன்னார். "இன்னிக்கு என் கோட்டைப் புடிக்காதே."

"ஏன் கோச்?"

"தோள் வலிக்குது."

"எந்தத் தோள்?"

வெர்னாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் முன்வரிசை. களத்தில் எவ்வளவு குதித்தாலும் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. சற்று யோசித்துவிட்டு, "ரெண்டும்" என்றார்.

வரவேண்டிய நடுவர் பனியில் வழியில் மாட்டிக்கொண்டார். கடைசி நேரத்தில் கிடைத்தவர் பக்கத்து ஊர் டுவெயின். வெர்னாவை முப்பது வருஷமாகத் தெரிந்தவர். டுவெயினின் மனைவி ஐரீன் பாட்டுக் குழுவில் வெர்னாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுபவள். புருஷனோடு அவளும் வந்திருந்தாள், வெறுங்கையோடு இல்லை. ஆட்டம் முடிந்ததும் நடையில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து வைக்கும் விருந்து உண்டு. ஐரீனின் பங்கு, என்றைக்கும் போல, பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு சாலட். அதில் உலர்திராட்சை போடுவாள். எதற்குப் போடுகிறாள் என்று முப்பது வருஷமாக யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் வைக்கோல்போருக்கு இன்னொருவர் நெருப்பு வைத்தாலும் மன்னிப்பு கிடைத்துவிடும். விருந்துக்குக் கொண்டுவந்த பாத்திரத்தைக் குறை சொன்னால் கிடைக்காது. எல்லோரும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள், எல்லோரும் பிரமாதம் என்பார்கள், திராட்சைகள் தட்டோரத்தில் காகித நாப்கினுக்கு அடியில் அடங்கிவிடும்.

பூங்கொத்துகள் கொடுத்தார்கள். அம்மாக்கள் அழுதார்கள், அப்பாக்கள் கூரையைப் பார்த்தார்கள். லிண்டன் கல்லூரியோடு ஆட்டம் தொடங்கியது.

இரண்டாவது கால்பகுதியிலேயே வெர்னாவுக்கு ரத்தம் ஏறிவிட்டது. லிண்டன் பெண் ஒருத்தி பந்தைத் தட்டாமலே மூன்று எட்டு வைத்தாள், டுவெயின் பார்க்கவில்லை. வெர்னா எழுந்தார். கூட்டம் "புடி மார்லா!" என்றது. மார்லா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். வெர்னா எல்லையைத் தாண்டி நாலு எட்டு போய்க் கையை வீசினார். விசில். டெக்னிக்கல் ஃபவுல், பயிற்சியாளர் வரம்பு மீறியதற்குத் தண்டனை. லிண்டனுக்கு இரண்டு இலவச எறிதல், இரண்டும் உள்ளே.

"புடிச்சிருக்கலாம் இல்ல?" என்று திரும்பி வந்து சீறினார் வெர்னா.

"நீங்கதானே கோச் புடிக்க வேணாம்னீங்க!"

"இதுக்குச் சொல்லல. இது நெஜக் கோவம்."

அப்படியானால் பொய்க் கோபம் என்று ஒன்று வரவிருக்கிறதா என்று மார்லா கேட்க நினைத்தாள். அதற்குள் பந்து மறுபக்கம் போய்விட்டது.

மூன்றாவது கால்பகுதி முடிகிற நேரத்தில் அணியின் சிறந்த ஆட்டக்காரி ஹெய்டி கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். கட்டுப் போட்டு உட்கார வைத்தார்கள். கடைசி வருஷம், கடைசி உள்ளூர் ஆட்டம். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். ஆனாலும் மற்ற பெண்கள் விடவில்லை. நாலு நிமிஷம் மீதமிருக்கையில் ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. மார்லா போட்ட திட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது, நெற்றியில் எழுதி ஒட்டாமல்.

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கோரைப் பார்த்தார். பிறகு திரும்பி மார்லாவை ஒரு முறை பார்த்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

மார்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு ஆட்டத்தில் இரண்டு டெக்னிக்கல் வாங்கினால் பயிற்சியாளர் வெளியே. ஒன்று ஏற்கெனவே ஆயிற்று. இரண்டாவதும் விழுந்தால் மீதி ஆட்டம் உதவிப் பயிற்சியாளருடையது.

"கோச், வேணாம். சமமா இருக்கு. ரெண்டு பாயிண்ட் போயிடும்."

"பேசாம இரு" என்று வெர்னா எழுந்து நடந்தார். சரக்கென்று நின்றார். மார்லாவின் கை கோட்டைப் பிடித்திருந்தது.

"விடுடி!"

"நான் புடிக்கல கோச், கை தானாப் போகுது!"

"புடி! புடி!" என்று கூட்டம் குதித்தது. வெர்னா முன்னால் இழுக்க, மார்லா பின்னால் இழுக்க, அப்புறம் வெர்னா தோளை ஒரு குலுக்குக் குலுக்கினார். இரண்டு கையும் கோட்டிலிருந்து வழுக்கி வெளியே வந்தன. வெள்ளைச் சட்டையோடு அவர் களத்தின் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆட்டம் நின்றுவிட்டது.

நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் உள்ளூர் வானொலிக்காக வர்ணனை செய்துகொண்டிருந்த லைல் (மற்ற நாட்களில் காப்பீடு விற்பவன், தொண்டை எப்போதும் உச்சத்தில்) மைக்கை விழுங்குகிற மாதிரி கத்தினான். "நேயர்களே, பதினாலு வருஷத்துல முதல் தடவையா கோட்டு மட்டும் மார்லா கையில இருக்கு! உள்ளே இருந்த வெர்னாவைக் காணோம்!"

களத்தின் நடுவில் டுவெயின் தாழ்ந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "வெர்னா, போய் உக்காரு. இன்னிக்கு நல்ல நாள். உன்னை வெளியே அனுப்பி என்னை ஊர்வாயில விழ வைக்காதே."

"விசில் அடி."

"எதுக்கு? நான் இப்ப தப்பா எதுவும் சொல்லலியே. நீயும் ஒண்ணும் திட்டலியே."

"திட்டினா அடிப்பியா?"

"உனக்குத் திட்ட வராது வெர்னா. ஊருக்கே தெரியும்."

அது உண்மை. வெர்னா வாயைத் திறந்தார், மூடினார். அறுபத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைக்காத வார்த்தைகள் அவசரத்துக்கு எங்கிருந்து வரும்? பார்வை அலைந்து மூன்றாவது வரிசையில் ஐரீன் மேல் போய் விழுந்தது. அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. பாட்டுக் குழுவில் பழகிய குரல், கூரையில் போய் முட்டியது.

"டுவெயின்! உன் பொண்டாட்டி உருளைக்கிழங்கு சாலட்ல எதுக்குய்யா திராட்சை போடறா? முப்பது வருஷமா அதை நான் நாப்கின்ல ஒளிச்சு வெச்சுக்கிட்டு வர்றேன்!"

லைல்கூட வர்ணனையை நிறுத்திவிட்டான். ஐரீன் கையை மார்பில் வைத்துக்கொண்டாள். டுவெயின் முகம் காதுவரை சிவந்து, விசில் நீளமாக அழுதது.

வெர்னா வெளியே போகும் வழியில் பெஞ்சைக் கடந்தார். கண் கலங்கியிருந்தது. "நாலு நிமிஷம். எல்லாம் உன்னோடது" என்றார். நிற்காமல் போய்விட்டார்.

லிண்டனுக்கு இரண்டு எறிதல்; ஒன்று தவறியது, ஒன்று விழுந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. மார்லா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேல்வரிசையைப் பார்த்தாள். பீச்சம் உட்கார்ந்திருந்த இடத்தில் சாண்ட்விச் சுற்றிய காகிதம் மட்டும் இருந்தது.

"அந்தப் பெரியவரா? மூணாவது பகுதி முடிஞ்சதுமே கிளம்பிட்டாரு" என்றாள் பெஞ்சில் இருந்த உதவியாளர் பெண். "தொண்ணூறு மைல் போகணுமாம், பனி ஏறிடும்னாரு."

வெர்னா ஜென்மத்தில் ஒரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர் இல்லை. இன்றைக்கு ஆட்டத்தையும் கொடுத்து, பாட்டுக் குழுவில் தன் இடத்தையும் கொடுத்து, மானத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எதற்கு? ஒரு காலி நாற்காலிக்கு. மார்லா அழவா சிரிக்கவா என்று தெரியாமல் நின்றாள்.

"கோச்! என்ன பண்ணணும்?"

களத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். கோச் என்றது தன்னைத்தான் என்று புரிய மார்லாவுக்கு ஒரு நொடி ஆயிற்று. அப்புறம் பீச்சத்தை மறந்துவிட்டாள்.

வெர்னாவின் அணி எப்போதும் இடத்தைக் காக்கும். எதிரி தன் இடத்துக்கு வந்தால்தான் தடுக்கும். "இடத்தை விடுங்க! ஆளுக்கு ஒருத்தியைப் புடிங்க, அவ தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போங்க!" என்று கத்தினாள் மார்லா. லிண்டன் பெண்கள் திணறினார்கள். பந்து இரண்டு முறை பறிபோனது. ஸ்கோர் முன்னும் பின்னும் ஏறி இறங்கியது. ஒரு முறை லிண்டன் பெண் இடித்ததை டுவெயின் கவனிக்கவில்லை. மார்லா கையை வீசிக்கொண்டு ஓடினாள். கூட்டம் பதறியது. "யாராவது புடிங்கப்பா!"

"நேயர்களே, மார்லா களத்துக்குள்ள நிக்கிறா! புடிக்க ஆளே இல்லை!" என்று அலறினான் லைல்.

மார்லா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். எல்லைக்கு உள்ளே இரண்டு முழு அடி. கையிலிருந்த கோட்டைத் தானே பின்னால் இழுத்துக்கொள்வது போல மார்போடு அணைத்துக்கொண்டு ஒரே தாவில் வெளியே வந்தாள். டுவெயின் விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று அவருக்கும் தோன்றியிருக்கும்.

இருபத்திரண்டு வினாடி மீதம். அறுபத்தாறுக்கு அறுபத்தேழு. ஒரு புள்ளி பின்னால், பந்து தங்கள் கையில். மார்லா டைம் அவுட் கேட்டாள்.

ஹெய்டி துண்டை எறிந்துவிட்டு எழுந்து நின்றாள். "சரியாப் போச்சு கோச், நான் போறேன்."

அதே வார்த்தைகள். அதே பிப்ரவரி மாசம். மார்லாவின் இடது முட்டி தானாக ஒரு முறை வலித்தது.

"அந்தக் கால்ல குதி" என்றாள்.

"என்ன?"

"ஒத்தைக் கால்ல. மூணு தடவை."

ஹெய்டி குதித்தாள். ஒன்று. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. இரண்டு. சிரிப்பு இன்னும் இருந்தது; கண்ணில் மட்டும் தண்ணீர் திரண்டுவிட்டது.

"உக்காரு."

"கோச், ப்ளீஸ். இதுதான் எனக்குக் கடைசி. நான் போட்டுடுவேன், உங்களுக்கே தெரியும்!"

"தெரியும். நீ போட்டுடுவே. உக்காரு."

ரூத்தைக் கூப்பிட்டாள். அவளும் கடைசி வருஷம்தான். நாலு வருஷத்தில் மொத்தம் ஒரு மணி நேரம் ஆடியிருந்தால் அதிகம். ஆனால் ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போனபின் இடது மூலையிலிருந்து தனியாக எறிந்துகொண்டிருப்பவள். அதைப் பார்த்தவள் மார்லா ஒருத்திதான். "மூலைக்குப் போய் நில்லு. பந்து வரும். யோசிக்காதே" என்றாள்.

பந்து மூலைக்கு வந்தது. ரூத் யோசிக்கவில்லை. எறிந்த பந்து அழகாக எழும்பி, வளையத்தில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு அரைச் சுற்றுச் சுற்றி, வெளியே வந்துவிட்டது. மணி அடித்தது.

தோற்றார்கள். ஒரு புள்ளியில்.

மார்லா முதலில் ரூத்தைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் முகம் கொடுக்காத ஹெய்டியைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் லிண்டன்காரர்களுடன் கை குலுக்கினாள். எல்லாம் முடிந்து அறைக்கு வந்தபோது வெர்னா வானொலிப் பெட்டியின் முன்னால் கூண்டுப் புலி போல நடந்துகொண்டிருந்தார்.

"ஒரு பாயிண்ட்! நான் தாரை வார்த்தது மூணு!"

"முதல் ரெண்டு நெஜக் கோவம் கோச். அதைக் கழிச்சிடுங்க."

"சிரிக்காதே. அந்த பீச்சம் என்ன சொன்னாரு?"

மார்லா கோட்டை நாற்காலியில் மாட்டினாள். சொல்லாமல் இருக்கலாமா என்று பார்த்தாள். முடியவில்லை. "அவரு மூணாவது பகுதியிலேயே கிளம்பிட்டாரு கோச்."

வெர்னா உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உருவம் சட்டென்று சின்னதாகிவிட்டது. "ஐரீன் மூஞ்சியைப் பார்த்தியா?" என்றார் மெல்ல. "எதுக்கும் பிரயோஜனம் இல்லாம அதைப் பேசிட்டேனே."

"எனக்குப் பிரயோஜனம்தான். நாலு நிமிஷம் கோச். ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்." மார்லா அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் பீச்சத்தின் பெயர். வெர்னா எழுந்து வந்து போனில் தன் காதையும் ஒட்டவைத்துக்கொண்டார்.

"மார்லா, நான் நெடுஞ்சாலையில ஒரு பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன்" என்றார் பீச்சம். காற்று இரைந்தது. "இருபது மைலுக்கு அப்புறம் ரேடியோ இழுக்காது. அதான் நிறுத்திட்டு முழுசும் கேட்டேன். அந்த ஆள் என்னமா கத்தறான்! சரி, ஒண்ணு கேக்கணும். நல்லா ஆடற பொண்ணு நான் போறேன்னு நின்னாளாமே. ஏன் உக்கார வெச்சீங்க?"

"அவளால குதிக்க முடியல சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"தோத்துடுவோம்னு தெரியுமா?"

"ஜெயிக்கத்தான் சார் ரூத்தை அனுப்பினேன். ஒன்றரைச் சுத்து சுத்திட்டு வெளியே வந்துடுச்சு."

"எங்க பொண்ணுங்களைப் பெத்தவங்ககிட்ட நான் இதைச் சொல்லிக்கலாம்" என்றார் பீச்சம். "திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுக்கலாம். ஆனா இப்பவே சொல்லிடறேன், எங்க பெஞ்சில கோட்டைப் புடிக்க ஆள் கிடையாது. நீங்களே ஒருத்தரைத் தேடிக்கணும்."

போனை வைத்ததும் மார்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் குதிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கார் நிறுத்துமிடத்தில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஹெய்டியை நீ குதிக்கச் சொன்னதா லைல் சொன்னான்" என்றார்.

"ஆமா கோச்."

"அன்னைக்கு நான் உன்னைக் குதிக்கச் சொல்லியிருக்கணும்." ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "போன்னு சொல்லிட்டேன். பதினாலு வருஷமா இதைச் சொல்லணும்னு பார்க்கறேன். வாய் வரல. அதுக்குப் பதிலா உனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துட்டு, அதுலயே உன்னை வெச்சுக்கிட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை காலம் மார்லா அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. அருகே போய் நின்றாள். "சொல்லியிருந்தாலும் நான் குதிச்சிருப்பேன் கோச். சிரிச்சுக்கிட்டே குதிச்சிருப்பேன்."

"நான் கண்ணைப் பார்த்திருப்பேன்" என்றார் வெர்னா.

இருவரும் அழுதார்கள். அதிக நேரம் இல்லை. கீழே நடையில் பாத்திரங்களின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. சூடான சாப்பாட்டு மணம் மாடிவரை வந்துவிட்டது. வெர்னா மூக்கைச் சிந்தினார், கோட்டைப் போட்டுக்கொண்டார், கதவுவரை போய் நின்றுவிட்டார்.

"கரண்டியோட நிக்கிறா" என்றார். "ஐரீன்."

"போய்த்தானே ஆகணும் கோச்."

"நீயும் வா. கோட்டைப் புடிச்சுக்கோ."

"எதுக்கு? இங்கே பாய்றதுக்குக் களம் இல்லையே."

"பாய்றதுக்கு இல்லைடி. ஓடிப் போயிடாம இருக்க."

இறங்கினார்கள். நடையில் பேச்சு அப்படியே அடங்கியது. நீள மேஜையின் நடுவில் கண்ணாடிக் கிண்ணம், அதன் பின்னால் ஐரீன், அவள் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி டுவெயின். கிண்ணத்தில் யாரும் கை வைத்திருக்கவில்லை. எந்தப் பக்கமும் சேர வேண்டாம் என்று ஊர் முழுக்கக் காத்திருந்தது. வெர்னா காகிதத் தட்டை எடுத்து நீட்டினார். ஐரீன் ஒரு மலை வைத்தாள். வைத்துவிட்டு, மேஜையிலிருந்த நாப்கின்களை எல்லாம் அடுக்கி எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வெர்னா நின்றபடியே தின்றார். திராட்சை, கிழங்கு, திராட்சை, திராட்சை. ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. லைல் மைக் இல்லாமலே வாயைத் திறந்துகொண்டு பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஐரீன்.

வெர்னா விழுங்கினார். "நல்லா இல்லை ஐரீன். ஆனா நீ செஞ்சதாச்சே. இன்னொரு கரண்டி போடு."

ஐரீனின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியுமுன்பே அவள் கரண்டியை எடுத்துவிட்டாள். இந்த முறை வைத்தது இன்னும் பெரிய மலை. அதைப் பார்த்த வெர்னாவின் கோட்டு பின்பக்கமாக ஒரு எட்டு வந்தது. மார்லா அதை முன்னால் தள்ளி நிறுத்தினாள்.